முன்கூட்டிப் போய்ப் பார்த்த தேதி

ஜூன் 12

அன்புள்ள ஊமைக்கோட்டானுக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் மாமாவும் சௌக்கியம். என் வலது முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. உன் உடம்பு எப்படி? "நலம்" என்று ஒரே வார்த்தையில் தப்பிக்காதே. இருமல் நின்றதா, பல்லைப் பிடுங்கினாயா, எல்லாவற்றையும் தனித்தனியாக எழுது.

பள்ளிக்கூடத்தில் எனக்குப் புது வேலை. எங்கள் பஸ் ஓட்டை உடைசலாகி மூலையில் நிற்கிறது. அதனால் இந்த வருஷம் சுற்றுலா எல்லாம் இணையத்தில். ஏழாம் வகுப்பு முப்பத்தொரு பேரையும் கூடத்தில் உட்காரவைத்து, சுவரில் பெரிய படமாகக் காட்டி, எரிமலைக்கும் அருங்காட்சியகத்துக்கும் கூட்டிப்போக வேண்டும். அங்கே இருக்கிற ஆட்களோடு பிள்ளைகள் அப்போதே பேசலாம், கேள்வி கேட்கலாம். திட்டம் போடுகிற பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

எங்கள் தலைமையாசிரியை என்னைவிட எட்டு வயசு சின்னவர். ஆனாலும் எல்லோருக்கும் அவர் "பெரிய டீச்சர்". பஸ் சுற்றுலாவுக்கென்று பதினாலு கட்டம் போட்ட படிவம் ஒன்று வைத்திருக்கிறார். இதற்கும் அதையே நிரப்பச் சொன்னார். "வண்டி எண்ணுக்கு என்ன எழுதறது? நாங்க நாற்காலியை விட்டே எழுந்திரிக்கப் போறதில்லையே" என்றேன். "இல்லைன்னு எழுதுங்க. கட்டம் காலியா இருக்கக் கூடாது" என்றார். முதலுதவிப் பெட்டி, குடிநீர், கழிப்பறைக்கு எவ்வளவு தூரம், எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பிள்ளைகள் அவருக்கு மேல். முதல் பயணம் எரிமலை. தொப்பி போட்டு, தண்ணீர் பாட்டிலைத் தோளில் மாட்டி, இரண்டிரண்டு பேராக வரிசையில் கூடத்துக்கு வந்தார்கள். பஸ்ஸில் வாந்தி எடுக்கிற பெண் ஒருத்தி இருக்கிறாள். நான் அவளைக் கேள்விமூட்டை என்று கூப்பிடுவேன். அவள் கையில் பையோடு ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். "இது எதுக்குடி?" என்றேன். "வளைவு வந்தா?" என்றாள்.

விஷயத்துக்கு வருகிறேன். "மரக்கட்டை மாதிரி தூங்குற பாலத்தை எங்க தம்பி ஒரு விசையைத் தட்டி எழுப்புவான், கப்பல் போனதும் படுக்கவைப்பான்" என்று வகுப்பில் ஒருநாள் பெருமை அடித்துவிட்டேன். இப்போது விடமாட்டேன் என்கிறார்கள். நீ பாலத்து அறை ஜன்னலில் போனை வைத்து ஒரு அரைமணி நேரம் காட்டினால் போதும். அம்மா இறந்த வாரத்தில் போனில் போட்ட சண்டைக்குப் பிறகு, இனிமேல் நமக்குள் கடிதம்தான் என்று முடிவு செய்தோம். அது அப்படியே இருக்கட்டும். இது பாடம். பேச்சில் சேராது.

உன் முகத்தைப் பார்த்து நாலு வருஷம் ஆகிறது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்படிக்கு,
பதிலுக்கு வாசலைப் பார்த்திருக்கும் அக்கா


ஜூன் 30

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் நின்றுவிட்டது. பல்லைப் பிடுங்கியாயிற்று. பசி, தூக்கம் சரியாக இருக்கிறது. நீ முழங்காலுக்கு வைத்தியம் பார். மாமாவைக் கேட்டதாகச் சொல்.

பிள்ளைகள் பாலத்தைப் பார்க்க ஆசைப்படுவது சந்தோஷம். அவர்களிடம் இப்படிச் சொல். கப்பல் முதலில் வயர்லெஸ்ஸில் கூப்பிடும். நான் நேரம் சொல்வேன். மணி அடிக்கும், சிவப்பு விளக்கு எரியும், சாலையின் இரண்டு பக்கமும் தடுப்புக் கட்டை இறங்கும். கட்டை இறங்கின பிறகும் யாராவது ஒருத்தர் குனிந்து நுழைவார். எனவே விசையில் கை வைக்கும் முன்னால் ஜன்னல் வழியாக, பாலத்தில் மேலே எழுகிற நடுத்துண்டு முழுவதையும் கண்ணால் ஒருமுறை துடைத்த மாதிரி பார்க்க வேண்டும். அதன் பிறகுதான் தாழ்ப்பாளை எடுப்பது. தூக்கி இறக்க ஏழு நிமிஷம். தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கொண்டு யாராவது ஓடி வந்தால் ஒரு நிமிஷம் பொறுப்பேன். கப்பல்காரன் திட்டுவான். திட்டட்டும்.

அனுமதி கேட்க வேண்டும். கேட்டு எழுதுகிறேன்.

தம்பி


ஜூலை 11

அன்புள்ள தம்பிக்கு,

முழங்காலுக்கு எண்ணெய் போடுகிறேன். உன் மாமாதான் தேய்த்துவிடுகிறார், முணுமுணுத்துக்கொண்டே. நீ வெயிலில் தொப்பி இல்லாமல் நிற்கிறாயோ என்று கவலை.

உன் கடிதத்தை வகுப்பில் வாசித்தேன். "கண்ணால் துடைத்த மாதிரி" என்ற இடத்தில் முப்பத்தொரு பேரும் தலையை இடமிருந்து வலமாகத் திருப்பிப் பார்த்தார்கள். கேள்விமூட்டை மட்டும் இருபத்தாறு கேள்வி எழுதி வைத்திருக்கிறாள். முதல் கேள்வி, அவசரமாக ஒன்றுக்கு வந்தால் பாலத்தை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பது. தயாராக இரு.

பனியாற்றுப் பயணம் பாதியில் நின்றது. நடுவில் அலுவலக அறையில் யாரோ எதையோ அச்சடிக்க, எங்கள் இணைப்பு அறுந்து, பனியாற்று ஆராய்ச்சியாளர் வாயைத் திறந்தபடி சுவரில் உறைந்து நின்றார். பிள்ளைகள் அதுதான் குளிர் என்று நினைத்தார்கள். இனிமேல் சுற்றுலா நேரத்தில் அச்சடிக்கத் தடை.

இப்போது ஒன்பதாவது கட்டம். "ஆசிரியர் முன்கூட்டிப் போய்ப் பார்த்த தேதி." பஸ் காலத்தில் பிள்ளைகளை ஒரு இடத்துக்குக் கூட்டிப்போகும் முன்னால் ஆசிரியர் போய் வழி, பள்ளம், வேலி எல்லாம் பார்த்து வர வேண்டும். அதை விட்டுவிடலாமே என்றேன். "பார்க்காத இடத்துக்குப் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போவீங்களா?" என்று கேட்டுவிட்டார். இணையத்தில் தெருத்தெருவாகப் படம் எடுத்துப் போட்டிருக்கிறார்களே, அதில் அம்புக்குறியை அழுத்தி அழுத்தி நடந்து போய்ப் பார்த்து, தேதி போடுகிறேன். எரிமலைக்கே அப்படித்தான் ஏறினேன். முழங்கால் வலிக்கவில்லை.

ஆகஸ்டில் ஏதாவது ஒரு வியாழக்கிழமை சொல்.

உன் அக்கா


ஆகஸ்ட் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன். தொப்பி இருக்கிறது.

ஆகஸ்டில் முடியாது போலிருக்கிறது. அறைக்குள் கேமரா கூடாது என்கிறார்கள். சிக்னலும் அங்கே சரியில்லை. அறைக்கு வர்ணம் அடிக்கிற வேலை வேறு நடக்கிறது. நேற்று இரண்டு கப்பல், காலையில் ஒன்று, மதியம் ஒன்று. மதியக் கப்பலுக்குக் காற்று அதிகம். பத்திரமாக இறக்கினேன்.

பிள்ளைகளுக்கு வேறு பாலம் காட்டேன். பெரிய பெரிய பாலமெல்லாம் இணையத்தில் இருக்குமே.

தம்பி


ஆகஸ்ட் 17
(எழுதி, அனுப்பாமல், மேசை இழுப்பறையில் வைத்தது)

டேய் தம்பி,

நேற்று உன் ஊருக்கு வந்தேன். ரயில் நிலையத்தில் தொடங்கி அம்புக்குறி அம்புக்குறியாக நடந்தேன். சைக்கிள் கடை, கண்ணாடிக் கடை, நீ முடி வெட்டிக்கொள்கிற கடை, பிறகு ஆறு. வழியெல்லாம் இங்கேதானே தம்பி நடப்பான், இங்கேதானே திரும்புவான் என்று பார்த்துக்கொண்டே வந்தேன். ஒன்பதாவது கட்டத்துக்காக வந்தவள் அதையே மறந்துவிட்டேன்.

பாலத்து அறையில் பூட்டுத் தொங்குகிறது. ஜன்னலுக்குப் பலகை அடித்திருக்கிறார்கள். கதவில் ஒரு அறிவிப்பு. படத்தைப் பெரிதாக்கிப் படித்தேன். "இந்தப் பாலம் தொலைவிலிருந்து இயக்கப்படுகிறது." படம் எடுத்த மாதம் ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்தது. போன வருஷம் மார்ச்.

அக்கரைக்குத் திரும்பினேன். பாலத்தைப் பார்த்தாற்போல ஒரு பெஞ்சு. அதில் ஒரு ஆள். முகத்தை மங்கலாக்கியிருக்கிறார்கள், தெருப்படத்தில் எல்லோர் முகத்தையும் அப்படித்தான் ஆக்குவார்கள். ஆனால் மடியில் கட்டம்போட்ட சாப்பாட்டுப் பை. அம்மாவின் போர்வை ஓரத்தை வெட்டி நான் தைத்து அனுப்பியது. இடது கால் செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தக் காலை வலது பாதத்தின் மேல் வைத்திருந்தாய். மூன்று வயசிலிருந்து அப்படித்தான் உட்காருவாய்.

நேற்று இரண்டு கப்பல் என்று எழுதுகிறாயே! யாருக்காகடா எழுதுகிறாய்?

எனக்குத் தெரியும் யாருக்காக என்று. அம்மா படுத்த படுக்கையாகி, "அவன் எப்போ வர்றான்" என்று கேட்டுக்கொண்டே போனாள். அவள் போன மூன்றாம் நாள் நான் போனில் கத்தினேன். "பாலத்துக்கு உன்னை விட்டா ஆளே இல்லையா?" "இல்லை" என்று சொல்லி வைத்துவிட்டாய். ஆள் இல்லாமலே அந்தப் பாலம் எழுந்து படுக்கிறது என்று இப்போது எந்த வாயால் எனக்குச் சொல்வாய்?

நானும் எந்த வாயால் பார்த்தேன் என்று சொல்வேன்? நான் கேட்ட கேள்விக்கு அந்தப் பூட்டு பதில் சொல்கிறது. எனக்கு அந்தப் பதில் வேண்டாம். எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். திரையில் உன்னைக் கையால் தொட்டுப் பார்த்தேன். படம் பெரிதாகி முகம் இன்னும் கலைந்துபோனது.


ஆகஸ்ட் 19

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே சுகம். மழை இரண்டு நாளாகப் பிடித்துக்கொண்டது. உன் மாமாவுக்குச் சளி. ஊரையே கூட்டுகிற மாதிரி தும்முகிறார். நீ நேரத்துக்குச் சாப்பிடு.

அறைக்குள் கேமரா கூடாது என்றால் போகட்டும். யோசித்துப் பார்த்தால் அறைக்குள்ளிருந்து பாலம் முழுசாகத் தெரியாதுதானே? பிள்ளைகளுக்கு அது மேலே எழுவதைத் தள்ளி நின்று பார்த்தால்தான் நன்றாக இருக்கும். அக்கரையில் பெஞ்சு ஏதாவது இருந்தால் அதில் உட்கார்ந்து நீ காட்டு. உன் சாப்பாட்டு நேரமாகவே இருக்கட்டும். வேலை நேரத்தில் உன்னைத் தொந்தரவு செய்ய வேண்டாம். எந்தக் கப்பல் எப்போது வரும் என்று உன்னைவிட யாருக்குத் தெரியும்?

பிள்ளைகளுக்கு வேறு பாலம் வேண்டாமாம்.

உன் அக்கா


செப்டம்பர் 25

தம்பிக்கு,

ஐந்து வாரமாகக் கடிதம் இல்லை. உடம்பு சரியில்லையா? தபால்காரர் என்னைக் கண்டாலே தூரத்திலிருந்து கையை விரிக்கிறார்.

அருங்காட்சியகமும் வானொலி நிலையமும் போய்வந்துவிட்டோம். பாலத்தின் படிவம் மட்டும் என் மேசையில் கிடக்கிறது. பெரிய டீச்சர், "ஒன்பதாவது கட்டத்துல தேதி இருக்கு, பயணத் தேதியைக் காணோமே. போய்ப் பார்த்த இடம் சரியில்லையா?" என்று கேட்டார். "இடம் நல்லா இருக்குங்க மேடம். அங்க இருக்கிறவர் மனசு வைக்கணும்" என்றேன்.

கோபம் என்றால் கோபம் என்றாவது இரண்டு வரி எழுது. சும்மா இருக்காதே. என்னால் தாங்க முடியவில்லை.

அக்கா


அக்டோபர் 6

அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை.

வரும் 19, வியாழக்கிழமை, பன்னிரண்டு நாற்பது. மணல் கப்பல் ஒன்று வரும். பெஞ்சிலிருந்து காட்டுகிறேன். என் எண் உன்னிடம் இருக்கிறது.

தம்பி


அக்டோபர் 23

அன்புள்ள என் தம்பிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீயும் நன்றாக இருக்கிறாய் என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டதால் இந்த முறை விசாரிக்கவில்லை. இளைத்திருக்கிறாய். நெற்றி ஏறிவிட்டது. அப்பாவுக்கும் இப்படித்தான் ஏறியது.

உன் பக்கம் நடந்தது உனக்குத் தெரியும். கூடத்தில் நடந்ததை எழுதுகிறேன். ஆறு சுவர் முழுக்க வந்ததும் முன்வரிசைப் பிள்ளைகள் காலைத் தூக்கிக்கொண்டார்கள், நனைந்துவிடுமாம். நீ முகத்தைக் காட்டாமல் பாலத்தை மட்டும் காட்டினாய். "இப்ப மணி அடிக்கும் பாருங்க" என்றாய், அடித்தது. "இப்ப கட்டை இறங்கும்" என்றாய், இறங்கியது. "ஒருத்தர் குனிஞ்சு வருவார்" என்றாய். குடையோடு ஒருவர் வந்தே வந்தார். கூடம் அதிர்ந்தது. சத்தம் கேட்டு மூன்று வகுப்பு ஆசிரியர்கள் ஓடிவந்தார்கள். நடுத்துண்டு மேலே எழுந்தபோது பெரிய டீச்சர் என் பக்கத்தில் நின்று தலையை மெல்ல மேலே தூக்கிக்கொண்டே போனார்.

பிறகுதான் கேள்விமூட்டை எழுந்தாள். "சார், நீங்க அந்தப் பக்கம் இருக்கீங்க. அப்ப பாலத்தை யார் திறந்தாங்க?"

இணைப்பை நிறுத்துகிற பொத்தான் என் விரலடியில் இருந்தது. அலுவலக அறைக்கு ஓடிப் போய் எதையாவது அச்சடித்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. கப்பலின் பாதி உடம்பு கடந்துபோயிற்று.

"முன்னாடி நான் திறந்தேன்மா" என்றாய். "இப்ப எங்கேயோ ஒரு ஆபீஸ்ல ஒருத்தர் உட்கார்ந்து, நாலு பாலத்தைத் திரையில பார்த்து இயக்குறார். நான் கிடங்குல சாமான் எடுத்துக் கொடுக்கிறேன்."

"அப்ப இங்க எதுக்கு சார் வந்தீங்க?"

"கண்ணால ஒருமுறை பார்த்துட்டுப் போகத்தான். பழக்கம்."

"உங்க முகத்தைக் காட்டுங்க சார்" என்று அவள் சொன்னாள். நீ போனைத் திருப்பினாய். முப்பத்தொரு பேரும் கை ஆட்டினார்கள். நான் திட்டம் போட்டு எழுதி வைத்திருந்த நன்றியுரை கையில் இருந்தது. பெரிய டீச்சர்தான் வாங்கி வாசித்தார்.

பிள்ளைகள் எழுதிய நன்றிக் கடிதங்கள் இதோடு இருக்கின்றன. நான் உன்னை ஒன்றும் கேட்கவில்லை, தம்பி. எதையும் சொல்ல வேண்டாம். நன்றாகச் சாப்பிடு.

உன் அக்கா


நவம்பர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? கூடத்தில் நீ நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். மாமாவின் சளி போனதா?

பிள்ளைகள் கடிதம் எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். கேள்விமூட்டைக்கு இன்னும் இருபத்துநாலு கேள்வி பாக்கியாம்.

நீ கேட்க மாட்டாய். அதனால் சொல்கிறேன். பெஞ்சைப் பற்றி நான் உனக்கு எழுதியதே இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து காட்டு என்று நீ எழுதின கடிதம் வந்த அன்றே நீ பார்த்துவிட்டாய் என்று புரிந்தது. ஐந்து வாரம் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். பூட்டைப் பார்த்தபின் நீ என்ன நினைத்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். உண்மை அதைவிட மோசம் அக்கா. அறை பூட்டினது போன வருஷம்தான். அம்மா படுத்திருந்தபோது பாலத்துக்கு ஆள் தேவைப்பட்டது. ஆனால் மாற்று ஆள் இருந்தார். "போய்ட்டு வாப்பா, நான் பார்த்துக்கிறேன்" என்று இரண்டு தடவை சொன்னார். நான்தான் போகவில்லை. நீ எழுதியிருந்தாயே, கையைப் பிடித்து நடக்கவைக்க வேண்டியிருக்கிறது, சோறு ஊட்ட வேண்டியிருக்கிறது என்று. அம்மாவை அப்படிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. "பாலத்துக்கு ஆளே இல்லையா" என்று நீ கேட்டதும் அந்தப் பொய் கைக்கு வந்தது, பிடித்துக்கொண்டேன். பூட்டுப் போட்ட பிறகும் விட முடியவில்லை. நீ என்னைத் திட்டு.

உன்னிடமிருந்து நடக்கக் கற்றுக்கொண்டேன். போன ஞாயிறு மதியம் கிடங்குக் கம்ப்யூட்டரில் உன் தெருவுக்கு வந்தேன். பஸ் நிறுத்தத்தில் இறங்கி, மருந்துக் கடையைத் தாண்டி, அம்புக்குறியை அழுத்தி அழுத்தி வந்தேன். தினமும் நடக்கிற தெரு என்பதால் நீ அதை இணையத்தில் பார்த்திருக்க மாட்டாய். தெருப்படம் எடுக்கிற வண்டி உன் தெருவுக்கு ஒரே தடவைதான் வந்திருக்கிறது. நாலு வருஷத்துக்கு முன்னால், ஜூலையில். அடுத்த வாரம் வருகிறேன் என்று நான் எழுதின ஜூலை.

வீட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டு அம்மா நிற்கிறாள்.

முகத்தை அழித்துவிட்டார்கள். போர்வையை அழிக்கவில்லை. அந்த வெயிலிலும் கட்டம்போட்ட போர்வையைப் போர்த்திக்கொண்டு, பஸ் நிறுத்தத்துப் பக்கம் திரும்பி நிற்கிறாள். நீ பின்னால் நின்று, உள்ளே வா என்று இழுத்துக்கொண்டிருக்கிறாய். உன் கை மட்டும் தெரிகிறது. நான் இன்னும் இரண்டு தடவை அழுத்தினால் அவள் பக்கத்தில் போய்விடுவேன். ஒரு தடவை அழுத்தினேன். பெரிதாகத் தெரிந்தாள். இன்னொன்றை அழுத்தினால் அவளைத் தாண்டிப் போய்விடும். அழுத்தவில்லை. கிடங்குக்காரர் வந்து விளக்கைப் போடும் வரைக்கும் அங்கேயே நின்றேன், அக்கா.

வழி பார்த்தாயிற்று. பள்ளம் இல்லை, வேலி நன்றாக இருக்கிறது. பெரிய டீச்சரிடம் ஒரு படிவம் வாங்கிக்கொள். ஒன்பதாவது கட்டத்தில் நவம்பர் 5 என்று எழுது. பயணத் தேதி நவம்பர் 25, சனிக்கிழமை, காலைப் பஸ். வண்டி எண் தெரியவில்லை. கட்டம் காலியாக இருந்தால் இருக்கட்டும்.

வெளியே வந்து கேட்டைப் பிடித்துக்கொண்டு நில். முழங்கால் வலித்தாலும் நில்.

உன் தம்பி